எரிகோவின் ஊற்றும் நம் காவிரியும்

(படைப்பின் காலத்தையொட்டி வானொலியில் ஆற்றிய மறையுரை. இறைவார்த்தை: 2 அரசர்கள் 2:19-22)



செப்டம்பர் 1 முதல், அசிசி நகர் புனித பிரான்சிசின் திருநாளாகிய அக்டோபர் 4 வரை உள்ள நாள்களைத் திருஅவை படைப்பின் காலமாகக் கடைப்பிடிக்கிறது. செப்டம்பர் முதல் நாளைப் படைப்பின் பாதுகாப்புக்காக மன்றாடும் நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ஏற்படுத்தினார். இந்நாள்களில் வழக்கமாக நாம் மரக்கன்று நடுவோம், நட்டதைப் படம் எடுத்துக்கொள்வோம். கன்று பிழைத்ததா என்று அடுத்த ஆண்டு யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அது இருக்கட்டும். இன்று நாம் தண்ணீரைப் பற்றிச் சிந்திப்போம்.

அரசர்கள் இரண்டாம் நூலில் ஒரு சிறிய நிகழ்ச்சி வருகிறது. நான்கே வசனங்கள்தாம். எலியா விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகு, அவருடைய மேலாடையைப் பெற்றுக்கொண்ட எலிசா எரிகோவில் தங்கியிருக்கிறார். ஊர்க்காரர்கள் அவரிடம் வந்து முறையிடுகிறார்கள். ஐயா, நீங்களே பார்க்கிறீர்கள், எங்கள் ஊர் நல்ல இடத்தில் அமைந்த ஊர். தண்ணீர்தான் சரியில்லை, நிலமும் பலன் தருவதில்லை என்கிறார்கள். எலிசா ஒரு புதுக் கிண்ணத்தில் உப்பு கொண்டுவரச் சொல்கிறார். ஊற்று கிளம்பும் இடத்துக்கே நடந்துபோய் அதிலே உப்பைப் போடுகிறார். ஆண்டவர் இந்தத் தண்ணீரை நலமாக்கிவிட்டார், இனி இதனால் சாவு வராது என்று அறிவிக்கிறார்.

இந்தப் பகுதியை எபிரேய மூலத்தில் வாசிக்கும்போது ஒரு சொல் நம்மை நிறுத்திவிடும். நிலம் பலன் தருவதில்லை என்று நாம் மொழிபெயர்க்கும் இடத்தில் அங்கே இருப்பது, பிள்ளையைப் பறிகொடுப்பதைக் குறிக்கும் வினைச்சொல். கரு தங்காமல் போவதற்கும் அதே சொல்தான். ஆக, எரிகோ மக்களின் குறை என்ன? தண்ணீரைக் குடித்தவர் அன்றைக்கே சுருண்டு விழுந்தார் என்பதல்ல. ஊர் நடந்துகொண்டுதான் இருந்தது. சந்தை கூடியது, பேரீச்சை காய்த்தது, வெளியூரார் வந்து ஊர் அழகாயிருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். அடுத்த தலைமுறைதான் வந்து சேரவில்லை.

நம் ஊரும் நல்ல இடத்தில் அமைந்த ஊர். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி என்று ஓட, நடுவே ஸ்ரீரங்கம் தீவாக நிற்கிறது. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துக்குக் குடும்பம் குடும்பமாக வந்து காவிரித்தாயை வணங்கும் நம் இந்துச் சகோதரர்களுக்கும், திருமுழுக்குத் தொட்டியில் தண்ணீர் வார்க்கும் நமக்கும் ஆறு ஒன்றுதான். கம்பரசம்பேட்டை போன்ற நீரேற்று நிலையங்களில், ஆற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் நகரத்துக்குத் தண்ணீர் வருகிறது. நம் மாவட்டத்துக் காவிரியிலிருந்தே குழாய் வழியாகப் புதுக்கோட்டை, சிவகங்கை தாண்டி ராமநாதபுரம் வரைக்கும் போகிறது. அங்கே வறண்ட ஊரில் ஒரு தாய் குடத்தில் பிடித்து வைக்கும் தண்ணீர், நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போன தண்ணீர்.

அந்தத் தண்ணீரில் இன்று கலந்திருப்பவற்றுள் ஒரு வகையைப் பற்றி மட்டும் இப்போது பேசுவோம். அதற்கு நிறமில்லை, வாடையில்லை. அது ஆளைக் கொல்வதுமில்லை. நம் உடம்புக்குள் ஓடும் செய்தியைக் குழப்புகிறது.

பொன்மலைப் பணிமனையிலும் திருச்சி சந்திப்பிலும் வேலை பார்த்த குடும்பங்கள் நம் பங்குகளில் நிறைய உண்டு. அவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு ரயிலைக் கவிழ்க்கத் தண்டவாளத்தைப் பெயர்க்க வேண்டும் என்பதில்லை. தவறான நேரத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்தால் போதும். எஞ்சினில் பழுதில்லை, ஓட்டுநரிடம் தவறில்லை, வண்டி தானாகவே தவறான தடத்தில் போய்விடும். நம் உடம்பில் ஹார்மோன்கள் இந்த விளக்குகளைப் போன்றவை. தைராய்டு, கணையம், சினைப்பை, விரை போன்ற சுரப்பிகள் மிக மிகச் சிறிய அளவில் அவற்றை இரத்தத்தில் விடுகின்றன. வளர், நில், பூப்படை, கருவைத் தாங்கு என்று உறுப்புகளுக்கு அவை செய்தி சொல்கின்றன. மனிதர் செய்த சில ரசாயனங்கள் இந்தச் செய்திகளைப் போலவே வேடம் போடுகின்றன, அல்லது உண்மையான செய்தி போய்ச் சேராமல் மறிக்கின்றன. இவற்றை ஹார்மோன் குழப்பிகள் என்று சொல்லலாம். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து தயாரித்த 2012-ஆம் ஆண்டு அறிக்கை, இப்படிப்பட்டவை என்று தெரிந்தவையும் ஐயத்துக்குரியவையுமாகச் சுமார் 800 ரசாயனங்களைக் குறிப்பிடுகிறது.

இவற்றின் பெயர்கள் வாயில் நுழையாது. ஆனால் பொருள்கள் நம் வீட்டில் இருப்பவைதான். பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கத் தாலேட் சேர்க்கிறார்கள். கெட்டியான பிளாஸ்டிக்கிலும், தகர டப்பாவின் உட்பூச்சிலும், கடையில் கொடுக்கும் வழுவழுப்பான பில் தாளிலும் பிஸ்பீனால் ஏ இருக்கும். கிருமியை ஒழிக்கும் என்று விளம்பரம் செய்த சோப்புகளில் டிரைக்ளோசான், முகத்துக்குப் பூசும் கிரீம் கெடாமல் இருக்கப் பாரபென், ஆலைகளில் துணி அலசும் சோப்புத் திரவங்களில் நோனைல்பீனால் வகை. இவை எல்லாம் கடைசியில் சாக்கடைக்குப் போகின்றன, சாக்கடை ஆற்றுக்குப் போகிறது.

இது எங்கோ வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் ஊரிலேயே உள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் உயிர்த்தொழில்நுட்பத் துறை ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய ஆறுகளின் தண்ணீரை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். 2011-இல் டிரைக்ளோசானையும் பாரபென்களையும் பற்றி எழுதினார்கள். 2014-இல் பிஸ்பீனால் ஏ, நோனைல்பீனால் வகை. அடுத்த ஆண்டு, காவிரியின் தண்ணீரிலும் அடியில் படிந்த மண்ணிலும் இருக்கும் தாலேட்டுகள். 2021-இல் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், காவிரி நெடுகிலும் இரண்டு ஆண்டுகள் கண்காணித்து, வலி மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, காபியில் உள்ள கஃபீன் எல்லாம் ஆற்றில் இருப்பதாக அறிவித்தார்கள். நாம் விழுங்குவதும் பூசுவதும் கழுவுவதும் ஆற்றில் எழுதப்படுகிறது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்துச் சொல்லிவிட்டார்கள்.

எவ்வளவு இருக்கிறது என்று கேட்பீர்கள். நானோகிராம் கணக்கு. ஒரு கிராமை நூறு கோடியாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோகிராம். இந்த அளவைக் கேட்டதும், இவ்வளவுதானா என்று நமக்குச் சிரிப்பு வரும். டெல்டாக்காரர்களாகிய நமக்கு டி.எம்.சி. கணக்கு தெரியும், அதிலேயே சொல்லிப் பார்ப்போம். ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். அதில் லிட்டருக்கு ஒரு நானோகிராம் கலக்க வேண்டுமானால் 28 கிராம் போதும். கைப்பிடி உப்புகூட ஆகாது.

இப்போது கனடாவில் நடந்ததைக் கேளுங்கள். ஆன்டாரியோ மாநிலத்தின் வடமேற்கில், ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் பல உண்டு. அவற்றுள் ஒரு சிறிய ஏரியில் கேரன் கிட் என்ற பெண் விஞ்ஞானியின் குழுவினர் 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில், செயற்கைப் பெண் ஹார்மோன் ஒன்றை லிட்டருக்கு ஐந்து, ஆறு நானோகிராம் இருக்கும்படி கலந்துவந்தார்கள். மீன்கள் செத்து மிதக்கவில்லை. ஆனால் ஆண் மீன்கள் முட்டைக் கருவுக்கான புரதத்தை உடம்பில் உண்டாக்கத் தொடங்கின. அந்தப் புரதம் பெண் மீனுக்கே உரியது. குஞ்சு பொரிப்பது நின்றது. ஒரு வகைச் சிறு மீன் அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றே போனது. அதைத் தின்று வாழ்ந்த பெரிய மீனும் குறைந்தது. மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி. அந்த ஏரியில் கலந்த அளவை மேட்டூரில் கலக்க எவ்வளவு வேண்டும்? சுமார் 13 கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசிப் பையில் பாதி.

நம் காவிரியில் அளந்த ரசாயனங்கள் அந்த ஹார்மோனைப் போல வலுவுள்ளவை அல்ல. ஹார்மோன் வேடம் போடும் திறனில் பிஸ்பீனாலும் நோனைல்பீனாலும் பல ஆயிரம் மடங்கு குறைந்தவை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மக்களைப் பயமுறுத்தியதாகிவிடும். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்ல இந்த உரை வரவில்லை. ஆனால் வலுக்குறைந்தவை ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் விஞ்ஞானிகள் பார்த்திருக்கிறார்கள். 2002-இல் லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. இத்தகைய எட்டு ரசாயனங்களை, தனித்தனியே எடுத்தால் எந்த விளைவும் காட்டாத அளவுகளில் ஒன்றாகக் கலந்தார்கள். கலவை தெளிவான விளைவைக் காட்டியது. எட்டில் எந்த ஒன்றைப் பிடித்துக் கேட்டாலும், நான் ஒன்றும் செய்யவில்லையே என்று உண்மையாகவே சொல்லலாம். எட்டும் சேர்ந்தபோது காரியம் நடந்துவிட்டது.

இங்கேதான் இறையியலுக்கு வேலை வருகிறது. ஒரு செயல் சாவான பாவமா என்று பார்க்கத் திருஅவை மூன்று கேள்விகளை நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. பொருள் கனமானதா? முழு அறிவோடு செய்ததா? முழு மனத்தோடு செய்ததா? பொருள் அற்பமானால் பாவமும் அற்பம் என்பது பழைய விதி. அதனால்தான் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வருபவர்கள், சாமி, சின்னதுதான் என்று தொடங்குகிறார்கள். ஆனால் அதே பழைய அறநெறி நூல்கள் இன்னொன்றையும் சொல்லியிருக்கின்றன, அதை நாம் அதிகம் பிரசங்கத்தில் சொல்வதில்லை. ஒரு வியாபாரி ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எடையில் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கிறான். எந்த ஒருவருக்கும் பெரிய நட்டமில்லை. ஆனால் அந்தச் சில்லறைகள் சேரும்போது அது கனமான பொருளாகிவிடும் என்று பழைய இறையியலார் தீர்த்துச் சொன்னார்கள். எடைத் தராசை மனத்தில் வைத்து எழுதிய அந்த வரி, ஆற்றுக்கு இவ்வளவு பொருந்தும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். இரண்டாவது கேள்வி அறிவு. நம் பாட்டிமார் வேப்பங்குச்சியையும் சீயக்காயையும் விட்டுப் புதிய சோப்புக்கு மாறியபோது அவர்களுக்கு இது தெரியாது. நமக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் 1990-களில் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கீழே வாழ்ந்த ஆற்று மீன்களைப் பார்த்தார்கள். நம் கெண்டையின் குடும்பத்தைச் சேர்ந்த மீன் அது. ஆண் மீன்களின் விரைக்குள் முட்டைகள் இருந்தன. இதைக் கேட்டவுடன், பெண்கள் விழுங்கும் கருத்தடை மாத்திரைதான் காரணம் என்று விரலை நீட்டச் சிலர் துடிப்பார்கள். நம் திருஅவைக்கு அந்த மாத்திரையைப் பற்றிப் போதனை உண்டு, அது அனைவருக்கும் தெரிந்ததே. ஆனால் ஆற்றின் பாவத்தைப் பெண்களின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமும் அல்ல, உண்மையும் அல்ல. மனிதர் எல்லாருடைய சிறுநீரிலும் இயல்பான ஹார்மோன் வெளியேறுகிறது, ஆலைக் கழிவு கலக்கிறது, சோப்பும் பிளாஸ்டிக்கும் கலக்கின்றன. சரியாகச் சுத்திகரிக்காத சாக்கடைதான் அங்கே குற்றவாளி.

இந்த ரசாயனங்கள் யாரைத் தொடுகின்றன என்பதை நினைக்கும்போதுதான் எரிகோ மக்களின் முறையீடு காதில் விழுகிறது. மேலை நாடுகளில் 1940-கள் தொடங்கி, கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிகளுக்கு டி.இ.எஸ். என்ற செயற்கை ஹார்மோன் மாத்திரையைக் கொடுத்தார்கள். தாய்மார் நன்றாகவே இருந்தார்கள். 1971-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள், இளம்பெண்களுக்கு வழக்கமாக வராத ஓர் அரிய புற்றுநோயைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பெண்களின் தாய்மார் கர்ப்பகாலத்தில் அந்த மாத்திரையை உண்டிருந்தார்கள். வயிற்றில் இருந்தபோது கிடைத்த தவறான செய்தி, பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்துப் பேசியது. அது மருந்து, அதிக அளவு, ஆற்றுத் தண்ணீரோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் ஒன்றை அது உலகுக்குக் கற்பித்தது. பெரியவர் உடம்பு தாங்கிக்கொள்வதைக் கரு தாங்காது. கண், மூளை, பிறப்புறுப்பு எல்லாம் உருவாகும் வாரங்களில் ஒவ்வொரு விளக்கும் சரியான நேரத்தில் எரிய வேண்டும். கருவில் இருக்கும் உயிருக்காக ஊர்வலம் போகும் நாம், மன்றாட்டு எழுதும் நாம், அந்த உயிர் மிதக்கும் நீரைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டவர்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். குழந்தை வரத்துக்காகப் புதன்கிழமைதோறும் சகாய அன்னையின் நவநாளுக்கு வந்து கண்ணீரோடு நிற்கும் தம்பதியர் இருக்கிறார்கள். இந்த உரையைக் கேட்டுவிட்டு அவர்களிடம் போய், தண்ணீர்தான் காரணமாம், பிளாஸ்டிக்தான் காரணமாம் என்று யாரும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அவர்கள் கேட்ட அறிவுரைகள் ஏற்கெனவே போதும்.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு சொன்னோம். அடியில் இருக்கும் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோனைல்பீனாலும் சில தாலேட்டுகளும் எண்ணெய்ப் பசையுள்ளவை போல. தண்ணீரில் தங்க விரும்பாமல் வண்டலையும் சேற்றையும் போய் ஒட்டிக்கொள்கின்றன. சுத்தமான மணலில் அவ்வளவாக ஒட்டாது. மணலை அள்ளிவிட்டுச் சேற்றை மட்டும் விட்டுவைத்தால் என்ன மிஞ்சும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். காற்றுப் புகாத சேற்றில் அவை மெல்லத்தான் சிதையும். கெளுத்தி போன்ற மீன்கள் அடிச்சேற்றில்தான் இரை தேடுகின்றன. வெள்ளம் வந்து கலக்கும்போது, படுத்திருந்தது மறுபடியும் எழுந்து தண்ணீரோடு போகிறது. ஆறு மறந்துவிட்டது என்று நாம் நினைப்பதைச் சேறு நினைவில் வைத்திருக்கிறது.

நமக்கு மேலே, நொய்யலில் நடந்தது இதற்கு ஒரு சாட்சி. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டி 1992-இல் திறந்த அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. அணையைத் திறந்தால் கீழே உள்ள வயல் கெடும் என்று உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டோடுதான் அவை மறுபடி இயங்க வேண்டியதாயிற்று. அந்த நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேருகிறது, காவிரி நம்மிடம் வருகிறது. சாயப்பட்டறையில் வேலை பார்த்தவரும் நம் உறவினர்தாம். மூடிய நாள்களில் அவர்கள் பட்ட பாட்டையும் நாம் அறிவோம்.

இதில் இன்னொரு செய்தி நம்மைச் சுடுகிறது. துணித்தொழிலில் நோனைல்பீனால் வகைச் சோப்பைப் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2003-இலேயே கட்டுப்படுத்தியது. பிறகும் அவர்கள் ஆறுகளில் அது வந்துகொண்டிருந்தது. எங்கிருந்து? வெளிநாடுகளில் இருந்து வாங்கிய உடைகளில் ஒட்டியிருந்த மிச்சம், அங்கே வீட்டில் துவைக்கும்போது கரைந்து வந்தது. ஆகவே 2021 பிப்ரவரி முதல், அந்த ரசாயனம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மிஞ்சியிருக்கும் துணியை அங்கே விற்கக்கூடாது என்று விதி வைத்தார்கள். சட்டையில் ஒட்டியிருக்கும் மிச்சத்துக்கே அவர்கள் தங்கள் ஆற்றுக்காக இவ்வளவு கவலைப்படுகிறார்கள். அப்படிப்பட்ட சட்டைகளைத் தோய்த்து அலசும் ஆறுகளுக்காகக் கவலைப்பட வேண்டியவர்கள் யார்?

எசேக்கியேல் நூலின் 47-ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோவிலின் வாயிற்படிக்கு அடியிலிருந்து தண்ணீர் புறப்படுகிறது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஆழமாகி நீந்தும் ஆறாகிறது. அது போகும் இடமெல்லாம் உயிர் தழைக்கிறது, மீன் பெருகுகிறது, கரையில் வலை உலர்த்துகிறார்கள். பாஸ்கா காலத்தில் இதைப் பாடி மகிழ்கிறோம். ஆனால் 11-ஆம் வசனத்தை யாரும் பாடுவதில்லை. சேற்று நிலங்களும் சதுப்புகளும் நலம் பெறாது, அவை உப்புக்கே விடப்படும் என்கிறார் இறைவாக்கினர். ஆற்றின் நடுநீர் சீக்கிரம் தெளிந்துவிடும், சேறு தெளியக் காலம் பிடிக்கும் என்று ஆற்றங்கரையில் வாழ்ந்த எவருக்கும் தெரியும்.

சுத்திகரிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. நோனைல்பீனால் வகைச் சோப்பு, அரைகுறையாகச் சுத்திகரித்த சாக்கடையில் பாதி சிதைந்து நோனைல்பீனாலாக மாறுகிறது. மூலப் பொருளைவிட அது நச்சு மிகுந்தது, ஹார்மோன் வேடத்திலும் கெட்டி, சிதைவதிலும் தாமதம். வீட்டைக் கூட்டி அழகுபடுத்தியதும் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பிய தீய ஆவியைப் பற்றி ஆண்டவர் சொன்னது (லூக்கா 11) நினைவுக்கு வருகிறது. பாதிச் சுத்தம் சில வேளைகளில் முதல் நிலையைவிடக் கேடானது. எனவே நம் நகரில் பாதாளச் சாக்கடை போட்டாகிவிட்டது, பஞ்சப்பூரில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்று கேட்டதும் திருப்தியடைந்துவிட முடியாது. எத்தனை வீடுகள் இணைந்திருக்கின்றன, எவ்வளவு கழிவு நிலையத்துக்குப் போகாமல் வாய்க்காலில் விழுகிறது, சுத்திகரித்த நீர் எந்தத் தரத்தில் வெளியே வருகிறது என்று கேட்க வேண்டும். ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள உய்யக்கொண்டான் வாய்க்கால் நகருக்குள் நுழையும்போது எப்படி இருக்கிறது, வெளியேறும்போது எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கரையோடு நடந்து பார்த்தால், கேள்விகள் தாமாகவே வரும்.

நாம் இப்போது செய்வது என்ன? வசதி உள்ளவர்கள் வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் மாட்டிக்கொள்கிறோம், இல்லையென்றால் கேன் தண்ணீர் வாங்குகிறோம். விடுதலைப் பயண நூலில் நைல் நதி கெட்டு, மீன் செத்து நாறியபோது, எகிப்தியர் எல்லாரும் நதியைச் சுற்றித் தோண்டிக் குடிதண்ணீர் தேடினார்கள் என்று ஒரு வசனம் வருகிறது (7:24). பார்வோனோ தன் அரண்மனைக்குப் போய்விட்டான், இதைப் பொருட்படுத்தவில்லை என்பது அதற்கு முந்திய வசனம். ஆர்.ஓ. இயந்திரம் அப்படி ஆளாளுக்குத் தோண்டிக்கொண்ட குழி. அதில் பாவமில்லை, பிள்ளை குட்டி வைத்திருப்பவர் செய்யத்தான் செய்வார். ஆனால் கெளுத்திக்கு ஆர்.ஓ. இல்லை. ஆற்றில் வலை வீசிப் பிழைக்கும் குடும்பத்துக்கும், வாய்க்கால் தண்ணீரில் கால் வைத்து நாற்று நடும் பெண்ணுக்கும் இல்லை. எலிசா என்ன செய்தார் என்று மறுபடி பாருங்கள். ஊராரின் பானைகளைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றிலும் உப்புப் போடவில்லை. ஊற்று கிளம்பும் இடத்துக்குப் போனார்.

நமக்கு ஊற்று கிளம்பும் இடங்கள் பல. ஆலையின் வாசல் ஒன்று, நகராட்சியின் குழாய் ஒன்று, நம் வீட்டுக் குளியலறை ஒன்று. மூன்றும் ஒரே கனமுள்ளவை அல்ல. எல்லாப் பழியையும் வீட்டுப் பெண்களின் சோப்பு டப்பாவில் போட்டுவிட்டு ஆலையையும் அலுவலகத்தையும் விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் 2016-இல் டிரைக்ளோசான் கலந்த கை கழுவும் சோப்புகளை விலக்கியது அரசு. கடைக்காரரும் வாடிக்கையாளரும் தாமாக விட்டுவிடவில்லை. இங்கும் பால்புட்டியில் பிஸ்பீனால் கூடாது என்று 2015-இல் இந்தியத் தர நிறுவனம் விதித்தது. விதியால் நடக்க வேண்டியது விதியால்தான் நடக்கும்.

ஆனாலும் நம் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது பரிசேயர் பிரசங்கமாகிவிடும். முதலில் ஆலயத்திலிருந்தே தொடங்குவோம். திருவிழா அசனத்தில் கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரையும் குழம்பையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கிறோம். தாலேட்டுக்குச் சூடும் எண்ணெயும் மிகவும் பிடிக்கும். அவை இரண்டும் உள்ள பண்டத்தில் எளிதில் இறங்கிவிடும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை உண்டு. கோவில் திருவிழாவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று நமக்கு யாரும் விலக்கு தரவில்லை. தூக்குவாளி கொண்டுவாருங்கள் என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்த்தால் முதல் ஆண்டு முணுமுணுப்பார்கள், இரண்டாம் ஆண்டு கொண்டுவருவார்கள்.

காலாவதியான மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அன்பியம் தோறும் ஒருவர் அவற்றைச் சேர்த்து வைத்து, மருத்துவக் கழிவைத் தனியே அனுப்பும் ஏற்பாடுள்ள மருத்துவமனையிடம் கேட்டு ஒப்படைக்கலாம். கிருமி ஒழிக்கும் தனிச் சோப்பு வேண்டியதில்லை, சாதாரணச் சோப்பே கைக்குப் போதும். பில் தாளைக் குழந்தை கையில் விளையாடக் கொடுக்க வேண்டாம். இவை சிறியவைதான். ஆனால் திருப்பலியில் இரசத்தோடு ஒரு துளி தண்ணீரைச் சேர்க்கும் திருஅவை, துளிகளை அலட்சியம் செய்யக் கற்றுத் தரவில்லை.

திருமுழுக்குக்கான தண்ணீர் உண்மையான தண்ணீராகவும், தூய்மையானதாகவும் சுத்தமானதாகவும் இருக்க வேண்டும் என்று திருச்சடங்கு நூலின் முன்னுரை சொல்கிறது. அடையாளம் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகவும், குழந்தையின் உடல்நலத்துக்காகவும் என்று இரண்டு காரணங்களையும் காட்டுகிறது. சோப்புகளும் ரசாயனங்களும் ஆறுகளிலும் கடல்களிலும் ஓயாமல் கலப்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' மடலின் 29-ஆம் எண்ணில் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். நீங்கள் வீட்டில் அந்த மடல் வைத்திருந்தால் இன்று அந்த ஒரு எண்ணை வாசியுங்கள். முழு மடலையும் வாசிப்போம் என்று தள்ளிவைத்தால் வாசிக்கவே மாட்டோம்.

கனடாவின் அந்தச் சிறிய ஏரி என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டோம். 2003-க்குப் பிறகு அதில் ஹார்மோன் கலப்பதை நிறுத்திவிட்டார்கள். சில ஆண்டுகளில், மிஞ்சியிருந்த கொஞ்ச மீன்கள் பெருகத் தொடங்கின, கூட்டம் மறுபடியும் திரும்பியது. யாரும் ஏரியைக் கழுவவில்லை, மருந்து போடவில்லை. ஊற்றுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

இந்த வாரம் அன்பியக் கூட்டங்களில் மூன்று கேள்விகளை எழுதி, அந்தந்த வார்டு மாமன்ற உறுப்பினரிடம் கொடுப்போம். நம் தெருவின் கழிவுநீர் எங்கே போகிறது? அது ஆற்றில் சேருமுன் யார் சோதிக்கிறார்கள்? சோதனை முடிவை மக்கள் எங்கே பார்க்கலாம்? கிறிஸ்தவர்கள் மட்டும் கையெழுத்திட வேண்டாம். தெருவில் உள்ள எல்லாரிடமும் வாங்குங்கள், ஸ்ரீரங்கத்து நண்பர்களிடமும் வாங்குங்கள். ஞாயிறு திருப்பலியின் பொது மன்றாட்டுகளில் ஆற்றை நம்பிப் பிழைக்கும் மீனவக் குடும்பங்களையும், கருவுற்றிருக்கும் நம் பங்கின் தாய்மாரையும், குழாயின் மறுமுனையில் ராமநாதபுரத்தில் குடத்தோடு காத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொள்வோம்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.